குழாய்

எங்கள் ஊரில் அதற்குக் குழாய் என்று பெயர்.
சட்டத்தில் வேறு ஏதோ நீளமான பெயர் இருக்கிறது.
வயசான காலத்தில் வேலை போனவன்
இந்த முனையில் நுழைந்தால்
நடுவில் எங்கும் சிந்தாமல்
அந்த முனையில் ஓய்வூதியத்தில் போய் விழுவான்.

நானே குழாய்க்காரன்.
முப்பத்தெட்டு வருடம்
கியூமி ஆற்றங்கரைக் காகித ஆலையில்
கூழ் போகும் குழாய், நீராவி போகும் குழாய்,
என்ன போகிறதென்று எவருக்குமே தெரியாத
பழைய பச்சைக் குழாய் ஒன்று.
எது எங்கே கசிந்தாலும்
காதை வைத்தே சொல்லிவிடுவேன்.

மார்ச்சில் மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
அந்த அமைதியில்
ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கம் வரவில்லை.

அலுவலகத்துப் பெண் நல்லவள். பெயர் யெனினா.
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
"அறுபத்து நான்கு வரை பிறந்தவர்களுக்கு உண்டு.
அறுபத்தைந்திலிருந்து மூடிவிட்டார்கள்."
என் பிறந்த தேதியை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.
சனவரி இரண்டு.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவனாம் நான்.
அடுப்பில் பன்றித்தொடை வெந்த வாசனைக்கு அசையவில்லை.
புத்தாண்டு வேட்டுக்கும் அசையவில்லை.
அன்றிரவு எனக்காகத் தகரம் உருக்கி
வாளித் தண்ணீரில் ஊற்றிக் குறி பார்த்தார்கள்.
கரடுமுரடாகக் கட்டிதட்டி விழுந்தது.
"பணம்" என்றாராம் அப்பா.

எனக்கு ஐந்நூறு நாள்.
நாற்பதாவது நாளோடு ஒரு படி இறங்கும்,
நூற்றெழுபதில் இன்னொரு படி.
ஓய்வூதியத்தில் பாதியை இப்போதே எடுக்கலாம்,
முந்துகிற ஒவ்வொரு மாதத்துக்கும் புள்ளி நான்கு சதம்
உயிரோடு இருக்கும்வரை பிடித்தம்.
"எத்தனை நாள் இருப்பேன் என்று சொல்,
கணக்கை இங்கேயே முடித்துவிடலாம்" என்றேன்.
சிரிக்கலாமா கூடாதா என்று
யெனினா என் முகத்தைப் பார்த்தாள்.

நாட்டின் ஆயுள் கூடிக்கொண்டே போகிறதாம்,
அதனால் ஓய்வு வயசும் தள்ளித் தள்ளிப் போகிறது.
அப்பா ஐம்பத்தொன்பதில் போனார்.
அவரை எந்தச் சராசரியில் சேர்த்தார்களோ.

ஹெய்மோ என்னைவிடப் பதினான்கு நாள் மூத்தவன்.
அந்தப் பதினான்கு நாளுக்காகப்
பள்ளிக்கூடத்திலும் ஒரு வகுப்பு மேலே.
அவனுக்குக் கணக்கு ஒத்துவந்துவிட்டது.
அவன் சொல்லவில்லை.
மூன்று வாரமாகக் காபிக்கு வராததில் தெரிந்துகொண்டேன்.

ஆற்றில் பனி உடைந்த அன்று போன் செய்தான்.
ஏரிக்கரையில் அவன் சவுனாவுக்குப் போகும் குழாய்
உறைபனியில் வெடித்திருக்கிறதாம்.
பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
தரைக்கடியில் மண்டியிட்டு ஒரு மணி நேரம்.
அவன் விளக்கைப் பிடித்தான்.
பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை,
என் முகம் தெரியாத மாதிரி பிடித்தான்.

"எவ்வளவு?" என்றான்.
"கொடுத்தால் படிவத்தில் எழுத வேண்டும்" என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தோம்.
பிறகு உள்ளே போய்
முழங்கை நீளத்துக்கு ஒரு பைக் மீனைச்
செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தான்.
அது எங்கள் ஆலைக் காகிதம் இல்லை.
தொட்டதுமே தெரிந்தது.

இரவு பத்து மணி, வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது.
மீனைச் சுத்தம் செய்த கையோடு
மாதப் படிவத்தைத் திறந்தேன்.
கடந்த நான்கு வாரத்தில் வேலை ஏதும் செய்தீர்களா?
ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம்.
வேறெதுவும் எழுத இடமில்லை.

இல்லை என்பதை அழுத்தினேன்.
விரலை எடுத்தபோது
அந்தச் சொல்லின் மேல்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.